பத்தியை அளந்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கிவிட்டால் தேர்தல் செய்திகளில் நடுநிலை தானாக வந்துவிடும் என்று கடந்த வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்கேலை வைத்துப் பத்தியை அளப்பதோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை.

ஒரே நீளத்தில் இரண்டு பேட்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் "உங்கள் வெற்றி வாய்ப்பு எப்படி?" என்று கேட்கிறார்கள். மற்றவரிடம் "உங்கள் மீதுள்ள வழக்கு என்ன ஆயிற்று?" என்கிறார்கள். முதலாமவர் மீதும் வழக்கு இருக்கலாம். அதை யாரும் கிளறவில்லை. ஒருவருடைய பேரணிக்கு மக்கள் வெள்ளம் என்று தலைப்பு, இன்னொருவருடைய பேரணிக்குப் போக்குவரத்து பாதிப்பு என்று தலைப்பு. சென்டிமீட்டர் கணக்கில் இருவரும் சமம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், களத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையே செய்தி அறை முடிவுசெய்வது. பிரான்சில் அதிபர் தேர்தலின் அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கிவிட்டால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எல்லா வேட்பாளர்களுக்கும் பேச்சு நேரம் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. 2017-ல் 11 பேர் போட்டியிட்டார்கள். அந்த விதி அமலாகும் முன்பே, மார்ச் 20 அன்று ஒரு தனியார் தொலைக்காட்சி முதல் விவாதத்தை நடத்தியது. அழைக்கப்பட்டவர்கள் கருத்துக்கணிப்புகளில் முன்னால் நின்ற ஐந்து பேர் மட்டுமே. விடுபட்டவர்களில் ஒருவரான நிக்கோலா துய்ப்போன்-எஞ்ஞான், அதே தொலைக்காட்சியின் நேரலைச் செய்தியில் கண்டனம் சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனார்.

ஏப்ரல் 4 அன்று வேறு தொலைக்காட்சிகள் நடத்திய விவாதத்துக்கு 11 பேரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிலிப் பூட்டு, கார் தொழிற்சாலைத் தொழிலாளி. இன்னொரு வேட்பாளரான தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பைச் சொல்லி விசாரணைக்குப் போகாமல் இருந்த நேரம் அது. பூட்டு அவரிடம் நேராகவே சொன்னார்: போலீஸ் கூப்பிட்டால் எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் கிடையாது, போயாக வேண்டும். அரங்கில் கைதட்டல் எழுந்தது. பூட்டுவுக்குக் கிடைத்த வாக்கு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஒரு சதவீதக்காரருக்கு எதற்கு மேடை என்று கேட்பவர்கள் அந்த இரவை நினைத்துப் பார்க்கலாம். ஜெயிக்கும் நிலையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அளந்துதான் பேசுவார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு அந்தக் கவலை கிடையாது.

அமெரிக்காவில் அதிபர் விவாதங்களை நடத்திவந்த ஆணையம், கருத்துக்கணிப்புகளில் 15 சதவீத ஆதரவு இருந்தால்தான் மேடை என்று 2000-ம் ஆண்டில் நிபந்தனை வைத்தது. செய்தியில் வராதவர் கணிப்பில் எப்படி ஏறுவார்? கணிப்பில் ஏறாதவரைப் பற்றிச் செய்தி போடுவது யார்? 1992-ல் இந்த நிபந்தனை இல்லை. இடையில் விலகிவிட்டு அக்டோபரில் திரும்பி வந்த சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோவுக்கு அப்போது கணிப்புகளில் 10 சதவீதத்தை ஒட்டியே ஆதரவு இருந்தது. மூன்று விவாதங்களிலும் பேசினார். கடைசியில் ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கினார். விவாதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தொலைக்காட்சி நேரத்தைச் சொந்தக் காசில் வாங்கிக் குவிக்க முடிந்த கோடீஸ்வரர் அவர். காசில்லாத பெரோவை யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் இந்தக் கதையில் அடக்கம்.

காசு என்றதும் பெய்டு நியூஸ் ஞாபகம் வருகிறது. செய்தி போல அச்சான விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவை 2011-ல் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. பதவி போனது வேட்பாளருக்கு. அச்சிட்டவர்கள் வழக்கம்போல் மறுநாளும் பத்திரிகை போட்டார்கள்.

பத்திரிகைக்குச் சார்பே இருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இன்னாரை ஆதரிக்கிறோம், காரணம் இது என்று தலையங்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்; ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் என் பாடு. அந்த ஆதரவு செய்திப் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும்போதுதான் வாசகன் ஏமாறுகிறான்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. ஒரு தொகுதியில் நிற்கும் அத்தனை பேருக்கும், சுயேச்சைகள் உட்பட, ஒரே கேள்விப் பட்டியலை அனுப்புங்கள். வழக்குகள், சொத்து, கட்சித் தாவல், தொகுதிக்கு என்ன செய்வார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என எல்லாமே அதில் இருக்கட்டும். வந்த பதில்களை ஒரே பக்கத்தில் போடுங்கள். பதில் வராத கட்டத்தில் "பதில் தரவில்லை" என்று அச்சிடுங்கள், அது எவ்வளவு பெரிய கட்சியின் வேட்பாளராக இருந்தாலும். இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்ற ஊகத்துக்குத் தேர்தல் முடியும்வரை நாள்தோறும் அரைப் பக்கம் போகிறது. அதில் இரண்டு நாள் இடத்தை எடுத்துக்கொண்டாலே இந்த வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்