பக்கத்து இருக்கையிலிருந்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் புதுக் கார் வாங்கியதையும் பேத்தி பிடிமானம் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததையும் படித்து மனசு நிறைந்துவிட்டது. எனக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இடது கண் பாக்கி. எதிரே வரும் விளக்கு வெளிச்சம் இன்னும் சிதறித் தெரிவதால், இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியை மகளிடமே கொடுத்துவிட்டேன். இப்போது எங்கே போனாலும் பக்கத்து இருக்கைதான். அங்கே உட்காருபவருக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று இதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

அதனால்தான் உன் பயணத் திட்டம் என்னை உறுத்துகிறது. மகன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், விடியும்போது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனால் காலை 6 மணிக்கு எழுந்தவன் இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருந்தவன் ஆகிறான். அந்த நிலையில் ஒருவருடைய கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். உன் மகன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன், எனக்குத் தெரியும். அவன் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே.

அதோடு, பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் கடிகாரமே தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் அணைந்துபோகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 80 மீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுநர் இல்லாமலே போகிறது. தூங்கிவிட்டவர் பிரேக்கை மிதிப்பதும் இல்லை, அதனால்தான் இந்த விபத்துகள் அவ்வளவு கொடுமையாக முடிகின்றன. கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் இதைத் தடுக்காது. ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் தூங்கினால் கொஞ்ச நேரத்துக்குப் பலன் உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதுதான் சரியான வழி. அரை நாள் போனால் போகட்டும்.

தூக்கம் வருவதை ஓட்டுகிறவரே ஒப்புக்கொள்ளமாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் பார்ப்பார். கொட்டாவி, சாலையின் ஓரக் கோட்டை உரசிக்கொண்டு போகும் சக்கரம், காரணமில்லாமல் கூடிக் குறையும் வேகம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நீ வாயைத் திறக்க வேண்டும். மகன்தானே ஓட்டுகிறான், மனசு நோகும் என்று சும்மா இருந்துவிடாதே. எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "ஐயோ, பார்த்து!" என்று கத்தினால் அவன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுவான். சாதாரணக் குரலில், என்ன வேண்டும் என்பதைச் சொல்: "அடுத்த இடத்தில் நிறுத்து, எனக்குக் கொஞ்சம் இறங்கி நடக்கணும்." "வேகம் பயமாயிருக்கு, குறைச்சுக்கோ." பயமாக இருக்கிறது என்று அப்பா சொன்னால் எந்த மகனும் வாதாட மாட்டான். என் மகளிடம் நான் அப்படித்தான் சொல்கிறேன், அவளும் குறைத்துவிடுகிறாள்.

முன்னால் போகும் வண்டியோடு இருக்கும் இடைவெளியையும் நீ கவனிக்கலாம். அந்த வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் மனசுக்குள் எண்ண ஆரம்பி. உங்கள் வண்டி அதே கம்பத்தை எட்ட இரண்டு விநாடிக்கு மேல் ஆக வேண்டும். மழையில் நான்கு.

அப்புறம், பின்னால் உட்காருபவர்களுக்கு பெல்ட் எதற்கு என்று கேட்டிருந்தாயே. அதற்குக் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். வண்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவரையும் சேர்த்து நசுக்கிவிடுவார். நம் வண்டிகளில் இருக்கும் மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்துக்காக உருவாக்கியவர் நில்ஸ் போலின். அதற்கு முன் போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர். காப்புரிமை கையில் இருந்தும், மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ விட்டுக்கொடுத்தது. எனக்கு அந்தச் செயல்மேல் பெரிய மரியாதை உண்டு. அப்படிக் கிடைத்த பெல்ட்டை இருக்கைக்கு அடியில் செருகி வைக்கலாமா? உன் மனைவியிடமும் சொல்: கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் வரக்கூடாது, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும்.

பேத்தியை மடியில் வைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. மோதும் நொடியில் 10 கிலோ குழந்தை 100 கிலோவுக்கு மேல் கனத்து இழுக்கும். எவ்வளவு பாசமான கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. அவள் வயதுக்கும் எடைக்கும் பொருத்தமான குழந்தை இருக்கையை வாங்கிப் பின்னால் பொருத்தச் சொல். இந்த வயதில் முதுகு வண்டியின் முன்பக்கம் பார்த்தபடி உட்காரவைப்பதுதான் நல்லது, கழுத்து தாங்கும். அப்படி உட்காரும் குழந்தையை ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் மட்டும் வைக்கவே கூடாது. முதல் நாள் அழுவாள், பிறகு பழகிவிடும்.

கிளம்பும் முன் டயர் சூடாகாமல் இருக்கும்போதே காற்றைப் பார்க்கச் சொல். பின் கண்ணாடி ஓரத்தில் கனமான சாமான் வைக்காதீர்கள். சாலையோரம் நிறுத்தி இறங்கும்போது, கதவுக்குத் தூரமாக இருக்கும் கையால் திற. உடம்பு தானாகவே திரும்பும், பின்னால் வரும் சைக்கிளோ பைக்கோ கண்ணில் படும்.

மகனுடைய கைபேசியை நீ வாங்கி வைத்துக்கொள். கையில் பிடிக்காமல் ஸ்பீக்கரில் பேசினாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும்.

எந்த நாள் காலையில் கிளம்புகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. வழியில் நான் யாரையும் கூப்பிட மாட்டேன். போய்ச் சேர்ந்து, பேத்தியை இறக்கிவிட்டு, நீ என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்