காற்றை அடைக்கிற வாளியும் காற்றைக் கூப்பிடுகிற வாளியும்

களுவாஞ்சிகுடி

அன்பின் மச்சான்,

இங்கு எல்லாரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். சிறுபோக வெட்டு முடிந்துவிட்டது, கச்சான் காற்றுத்தான் இன்னும் ஓயவில்லை. மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க ஏலாது.

உன் கடிதம் கிடைத்தது. கொப்பராவுக்கு உடைக்கிற தேங்காயின் தண்ணியெல்லாம் திருக்கோவில் மணலுக்குள் போகிறது, அதில் வினாகிரி போட வீட்டிலேயே ஒரு செற் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கட்டலாம். ஆனால் இதில் இரண்டு வேலை இருக்கிறது. சீனியை அல்கஹோல் ஆக்குவது ஈஸ்ட். அந்த நேரம் வாளிக்குள் காற்றுப் போகக்கூடாது. அல்கஹோலைப் புளிப்பாக்குவது வினாகிரி பக்ரீறியா. காற்றில்லாவிட்டால் அது செத்துப்போகும். இரண்டையும் ஒரே வாளியில் செய்யப் பார்த்தால் மேலே பூஞ்சணம் பிடிக்கும், அடியில் நாறும்.

முதல் வாளி லேசு. 20 லீற்றர் வெள்ளை வாளி, அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பெயின்ற் வந்த வாளி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. தெளிந்ததை இறக்குவதற்கு, அடியிலிருந்து 2 அங்குலம் உயர்த்தி அரை அங்குல பிளாஸ்டிக் டாங்கிக் கனெக்டர் ஒன்றைப் பூட்டு. துளை 21 அல்லது 22 மில்லிமீற்றர். வட்டவாளால் வெட்டி, ஓரத்தைப் பிளேட்டால் வழித்து எடு. பிசிறு இருந்தால் வொஷர் படியாது, கசிவு அங்கேதான் தொடங்கும். உள்பக்கம் பிவிசி கம் பூசாதே, மரையில் டெப்லோன் ரேப் சுற்றினால் போதும். அந்த 2 அங்குலம் ஈஸ்ட் மண்டி படிவதற்கு. மூடியில் ஒரு துளையிட்டு, வாகன வயரிங் கடையில் விற்கிற ரப்பர் வளையத்தைப் போட்டு, அதற்குள்ளால் சேலைன் குழாயை விட்டு, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் தாழ்த்து. வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது.

15 லீற்றர் தேங்காய்த் தண்ணிக்கு ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம் சீனி. அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீற்றர் இருந்தால் 1.048 காட்ட வேண்டும். உடைத்த அன்றைக்கே வடித்து, 10 நிமிடம் கொதிக்கவைத்து, உடம்புச் சூட்டுக்குக் கீழே ஆறியபிறகு 10 கிராம் பாண் ஈஸ்ட் போடு. நம்முடைய வெக்கைக்கு ஒரு கிழமைக்குள் குமிழி நின்றுவிடும். அப்போது ஏறக்குறைய 6 வீதம் அல்கஹோல் இருக்கும். கள்ளுக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிற நாடு இது. வினாகிரிக்குத்தான் என்றாலும் இடையில் அல்கஹோல் வருகிறபடியால், தொடங்க முதல் மதுவரிக் காரியாலயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இப்படி நொதித்த ஊறலின் மணம் பக்கத்து வளவுக்குப் போனால் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், என்றுதான் கதை கட்டுவார்கள்.

மறுகாதான் ஊறலைப் புளிப்பாக்குகிற வாளிக் கோபுரம். ஜெர்மனியில் 1823இல் சூட்சன்பாக் என்பவர் அமைத்த விரைவு முறைதான் இது, நாம் அதை வாளியில் செய்கிறோம். மூன்று வாளி தேவை. கீழ்வாளி சேர்க்கிறது, நடுவாளி வேலை செய்கிறது, மேலே சொட்டுத்தட்டு. கீழ்வாளியின் மூடியில் நடுவை வெட்டி, அதன்மேல் நடுவாளியை இருத்து. நடுவாளியின் அடியில் 6 மில்லிமீற்றர் துளைகளை நிறையப் போடு. அதற்கு 2 அங்குலம் மேலே துளையிட்ட பிளாஸ்டிக் தட்டொன்றை நிறுத்தி, அந்த இடைவெளிக்கு நேரே வாளியின் சுவரைச் சுற்றி 10 மில்லிமீற்றரில் எட்டுத் துளை போடு. ட்ரில்லை நேராகப் பிடிக்காதே. வெளிப்பக்கம் உயர்ந்து உட்பக்கம் தாழ்கிற மாதிரிச் சரித்துப் பிடி. நேராகத் துளைத்தால் சுவர் வழியே இறங்குகிற வினாகிரி வெளியே ஒழுகி நிலமெல்லாம் ஈ மொய்க்கும். துளைகளுக்கு நுண்ணிய நைலோன் வலை ஒட்டு. நுளம்பு வலை போதாது, பழ ஈ அதற்குள்ளால் நுழைந்துவிடும்.

தட்டின்மேல் நிரப்புவதற்குத் தும்பு வேண்டாம். ஈரத்தில் அமுங்கிக் காற்றை அடைக்கும், சாயமும் இறக்கும். சிரட்டையை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக உடைத்து, தண்ணி மாற்றி மூன்று தரம் அவித்து, மண்ணிறம் குறைந்தபிறகு போடு. முற்றிய பீர்க்கங்கூடு கிடைத்தால் இன்னும் நல்லது, பக்ரீறியா ஒட்டுவதற்கு அதில் இடம் கூட. நிரப்பியதை இரண்டு நாள் உயிருள்ள வினாகிரியில் ஊறவை. கடையில் மலிவாகக் கிடைக்கிற செயற்கை வினாகிரி வெறும் அசற்றிக் அமிலம், அதில் உயிர் எதுவும் இல்லை. தென்னங்கள்ளில் செய்து, காய்ச்சாமல் அடைத்ததைத் தேடி எடு.

சொட்டுத்தட்டில் 2 மில்லிமீற்றரில் முப்பது நாற்பது துளை. ஒவ்வொன்றிலும் பருத்தி நூலை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடு. தண்ணி நூல் வழியே பரவலாக இறங்கும். சூடான காற்று மேலே போக, தட்டைத் துளைத்து நாலு அரை அங்குல பிவிசித் துண்டுகளை 3 அங்குலம் உயர்த்தி நிறுத்து. கீழ்வாளியில் சேர்வதைத் திரும்பச் சொட்டுத்தட்டுக்கு ஏற்ற, அதற்குள் மீன்தொட்டி மோட்டார் ஒன்று. பித்தளைப் பைப்போ இரும்பு ஆணியோ எங்கும் தொடக்கூடாது. பித்தளையில் களிம்பு ஏறும், இரும்பு பட்டால் சிரட்டைச் சாயத்தோடு சேர்ந்து வினாகிரியே கறுக்கும்.

முதல் வாளியில் தெளிந்த ஊறல் 10 லீற்றருக்கு 3 லீற்றர் உயிர் வினாகிரி கலந்து ஊற்று. முதலே புளிப்பு இருந்தால் பூஞ்சணம் தலையெடுக்காது. முழுத்தண்ணியும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஒரு சுற்று வந்தால் போதும். கூடினால் சிரட்டை மூழ்கி மூச்சு முட்டும். கரண்ட் கொஞ்ச நேரம் நின்றாலும் சிரட்டை ஈரமாகவே இருக்கும், பயப்படாதே. காற்றூதி விட்டு ஒரே தொட்டியில் செய்கிற முறையில் அந்த நிம்மதி இல்லை, அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை.

உனக்குக் கஷ்டம் தரப்போவது சூடுதான். அல்கஹோல் புளிப்பாகும்போதே சூடு பிறக்கும், அதோடு கச்சானும் சேரும். சிரட்டைக்குள் ஒரு தேமோமீற்றரைச் செருகி வை. 28 – 30 பாகை செல்சியஸ்தான் நல்லது. 35ஐத் தாண்டினால் பக்ரீறியா சோரும், அல்கஹோலும் ஆவியாகும். கீழ்வாளியைத் தண்ணித் தொட்டிக்குள் வைத்து, சுற்றி ஈரச்சாக்குக் கட்டு. அப்படியும் ஏறினால் காற்றுத் துளைகளில் பாதியை அடை; காற்றுக் குறையப் புளிப்பும் மெதுவாகும், சூடும் இறங்கும்.

எப்போது நிறுத்துவது என்பதை நாக்கை நம்பித் தீர்மானிக்காதே. 1 மில்லிலீற்றர் வினாகிரியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, நிறம் மாறிக் காட்டுகிற பினோல்ப்தலீன் இரண்டு துளி விட்டு, 0.1 நோர்மல் செறிவுள்ள சோடியம் ஐதரொக்சைட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடு. இளஞ்சிவப்பு நிலைக்க 6.7 மில்லிலீற்றர் போனால் 4 வீதம் அமிலம். உன் செற்றில் நாலரை, ஐந்து வரும். இரண்டு தரம் அளந்தும் ஏறவில்லையென்றால் உடனே இறக்கு. அல்கஹோல் தீர்ந்தபிறகும் ஓடவிட்டால் பக்ரீறியா தான் செய்த அமிலத்தையே தின்னத் தொடங்கும், புளிப்பு இறங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, மிச்சத்தின்மேல் புது ஊறலை ஊற்று.

எடுத்ததை எவர்சில்வர் பாத்திரத்தில் 70 பாகைக்குச் சூடாக்கி, கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, பிளாஸ்டிக் மூடியால் அடை.

சொட்டுத்தட்டை இங்கு வெட்டித் தரலாம். பதில் போடும்போது நடுவாளியின் வாய் அகலத்தை, உள்விளிம்பு அளந்து, மில்லிமீற்றரில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்