மொரீசியஸில் ‘தனிக் கடற்கரை’ என்று ஒன்று உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் விடுமுறைச் சிறப்பிதழில் மொரீசியஸ் தீவைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். நட்சத்திர விடுதி, நீச்சல் குளம், பாய்மரப் படகுச் சவாரி, ஷமரெல் என்னும் ஊரின் ஏழு வண்ண மண் எனப் பயண முகவர்களின் விளம்பரத் தாளில் இருக்கும் அனைத்தும் அதில் இருந்தன. ஆனால், பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில் விடுதிப் பணியாளர்களைத் தவிர வேறு எவரையும் கட்டுரையாளர் சந்தித்ததாகத் தெரியவில்லை. மனைவியுடன் அத்தீவுக்குச் சென்று, ஒரு குடும்பத்தாரின் வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கித் திரும்பியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ‘விடுதிக்குச் சொந்தமான தனிக் கடற்கரை’ என்று கட்டுரையில் இரண்டு இடங்களில் வருகிறது. மொரீசியஸில் கடல் ஏற்றத்தின்போது அலை தொடும் எல்லை வரையிலான மணற்பரப்பு பொதுமக்களுக்கு உரியது. அதற்கு மேலே சுமார் 81 மீட்டர் அகலத்துக்குத் தீவைச் சுற்றி ஓடும் நிலப்பட்டையும், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சியாக, பெரும்பாலும் அரசின் உடைமையாகவே இருக்கிறது. விடுதிகள் அதைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன. இது வெறும் சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிடக்கூடியது அன்று. தெற்குக் கரையில் உள்ள பொம்போனெத் என்னும் பொதுக் கடற்கரையில் விடுதி கட்டும் திட்டம் வந்தபோது ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அப்படிப்பட்ட நாட்டின் கடற்கரையை விடுதியின் சொத்தாக எழுதுவது, தெரியாமல் செய்ததாக இருந்தாலும், ஒரு தரப்புக்குச் சாட்சி சொல்வதாக ஆகிவிடுகிறது.

பொதுக் கடற்கரையை அம்மக்கள் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தால் விளங்கும். மேற்கில் ஃபிளிக் ஆன் ஃபிளாக், வடக்கில் மோன் சுவாசி, கிழக்கில் பெல் மார் என எந்தக் கரையானாலும் சவுக்கு மரங்களின் கீழ் காலையிலேயே பாய்கள் விரிந்துவிடுகின்றன. பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே, சில வேளைகளில் ஒரு தெருவே, பேருந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு பிரியாணிச் சட்டிகளோடு வந்து இறங்குகிறது. ஆண்கள் பந்து விளையாடுகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் பெண்கள் நின்றபடியே ஊர்க்கதை பேசுகிறார்கள். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அயலாருக்கும் ஒரு தட்டு வந்து சேர்கிறது. வந்தவர் எந்த மதம், எந்த மூதாதையர் வழி என்று அங்கே எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் ஒரு முதியவர் தம் பாட்டனாரின் பெயரைச் சொல்லி, அது எந்த ஊர்ப் பெயராக இருக்கும் என்று கேட்டார். சரியான விடை எங்களிடம் இல்லை.

கட்டுரையாளர் விடுதியின் இரவு விருந்தில் கண்டு வியந்த சேகா நடனமும் இந்த மணலில்தான் இயல்பாக இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களிடம் பிறந்த அந்த இசையை யுனெஸ்கோ 2014-இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் என்னும் அகன்ற பறையை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய பிறகே அடிப்பார்கள். ஆடுபவர்கள் பாதத்தை மண்ணிலிருந்து அதிகம் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நகர்கிறார்கள். விடுதி மேடையில் பளபளக்கும் பாவாடைகளுடன் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சேகா பொய்யென்று சொல்லமாட்டேன், அதில் ஆடுபவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆயினும், கடற்கரையில் யாரோ ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுக்க, சமையலில் இருந்த பெண்மணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆட வருவதைப் பார்த்தவர்களுக்கு மேடை நிகழ்ச்சி போதாது.

உணவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த தால் பூரியை, இரண்டு இரண்டாக அடுக்கி, மொச்சைக் கறியும் தக்காளிக் கூட்டும் தடவித் தாளில் சுருட்டித் தெருவண்டிகளில் தருகிறார்கள். விடுதியின் காலை உணவுக்கு ஆகும் செலவில் ஒரு குடும்பமே உண்ணலாம்.

திறந்தவெளி வாழ்க்கை என்றால் கடல் மட்டும்தான் என்பது போலவும் கட்டுரை அமைந்திருக்கிறது. தலைநகர் போர்ட் லூயிஸின் பின்னால் நிற்கும் லெ பூஸ் மலை 812 மீட்டர் உயரம் உடையது. 1836-இல் அத்தீவுக்கு வந்த சார்லஸ் டார்வின் ஏறிய மலை அது. நடுத்தர வயதினரும் நிதானமாக ஏறலாம். தென்மேற்கு மூலையில் 556 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் லெ மோர்ன் குன்று, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதற்காகவே 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கட்டுரையில் அது ‘புகைப்படத்துக்கு ஏற்ற பின்னணி’யாக மட்டும் வருகிறது!

தமிழ் வாசகர்களுக்கான கட்டுரையில் தமிழர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததை என்னவென்று சொல்வது? பதினெட்டாம் நூற்றாண்டில் லா பூர்தொனே என்னும் பிரெஞ்சுக்காரர் அத்தீவின் ஆளுநராக இருந்தபோதே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் அங்கே சென்றார்கள். 1834-க்குப் பிறகு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் போய் இறங்கினார்கள். அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் கற்படிகளைப் போர்ட் லூயிஸில் இன்றும் காணலாம். ரூபாய்த் தாளிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை நாள்; கோர் த கார்த் மலைச் சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குக் காவடியும் பால்குடமும் ஏந்தி, வேல் தரித்து, வெயிலில் ஏறிச் செல்கிறார்கள். அவர்களுள் பலர் வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி என்பதைக் கேலியாகப் பேசும் நம்மவர்கள் சிலரை விமான நிலையத்திலேயே கண்டேன், வருத்தமாக இருந்தது. விரதம் இருந்து வரும் பக்தரின் முகத்தருகே கைபேசியை நீட்டாமல் இருக்கும்படியும் தங்கள் இதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

பவளத்திட்டுகள் சூழ்ந்திருப்பதால் அமைதியாக இருக்கும் கடற்கழியைக் கட்டுரையாளர் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். அதனுடன் 2020-ஐயும் நினைவுகூர்ந்திருக்கலாம். அவ்வாண்டு ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்கில் பவளத்திட்டின் மீது மோதி, பிறகு சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தபோது, மாயேபூர் சுற்றுவட்டார மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்து கடலில் இறக்கினார்கள். அந்த மக்களின் கடலில்தான் நாம் நீந்துகிறோம். ஆகவே, பவளத்தின் மீது ஏறி நிற்காமல் இருப்பது நம் கடமை. கடல் முள்ளெலிகளும் கல்மீனும் இருப்பதால் காலில் ரப்பர்ச் செருப்பு அணிவது நம் பாதுகாப்பு. பவள அரண் இல்லாத தெற்குக் கரையின் கிரி கிரி பகுதியில் கடலில் இறங்கவே கூடாது. சிறு குழந்தைகளுடன் செல்வோர் படிக்கும் இதழில் இந்த எச்சரிக்கை இடம்பெறாதது பெருங்குறை.

அடுத்த இதழில் ‘தனிக் கடற்கரை’ என்ற சொற்களுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், எந்தெந்தப் பொதுக் கடற்கரைகளுக்கு அரசுப் பேருந்துகள் செல்கின்றன, மாயேபூரின் திங்கட்கிழமைச் சந்தைக்கு எப்படிப் போவது, ஜனவரி முதல் மார்ச் வரையிலான புயல் மாதங்களைத் தவிர்த்து எப்போது பயணம் செய்யலாம் என்ற விவரங்களையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தந்தால், நட்சத்திர விடுதிக்குச் செலவிட முடியாத வாசகர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்