ஐயாவுக்குப் படித்துக் காட்டு, அக்கா

லைப்சிக்,
16.11.2024, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் பாப்பாவும் நல்ல சுகம். அங்கே அம்மா, மாமா, மாப்பிள்ளை எல்லாரும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த முறை பேசும்போது சொல். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றுதான் அம்மா சொல்லும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை ஒரு வாரமாக என் கூடவே வருகிறது. நம் பாட்டு வாத்தியார் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தபோது அவர், "தம்பி இன்னும் பாடறானா?" என்று கேட்டார் என்றாய். நான், "ம்ம், பாடறேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அது சரியில்லை. அந்தக் கேள்விக்குப் போகிறபோக்கில் பதில் சொல்லக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐயாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்கிறாய். ஒருநாள் பொழுதோட போய், திண்ணையில் உட்கார்ந்து, இதை நிதானமாகப் படித்துக் காட்டு. அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொள். இடது காது அப்போதே கொஞ்சம் மந்தம்.

முதலில் இந்த ஊரைப் பற்றி. குளிர் வந்துவிட்டது. காலையில் ஏழரைக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் நாலே காலுக்குப் பொழுது விழுந்துவிடுகிறது. அப்போது அங்கே ராத்திரி எட்டே முக்கால், நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பீர்கள். சனிக்கிழமையானால் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம்தான். நீ கொடுத்தனுப்பிய மஞ்சள்தூள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், தை மாசத்தில் மஞ்சள் வேகவைக்கிற வாசம் சமையலறையில் நிற்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அப்படித்தான், சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வந்த புதிதில் அந்த அமைதி என்னை அழுத்தியது. இப்போது பிடித்துப்போய்விட்டது.

2019இல் வந்தபோது எனக்கு ஜெர்மன் மொழி வாயில் வரவில்லை, அக்கா. படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பட்டறையில் இவர்கள் பேசுவது புத்தகத்தில் இருந்த ஜெர்மன் மாதிரியே இல்லை. 'ஆமாம்' என்பதற்கு 'யா' என்று படித்திருந்தேன். என்னோடு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் எதைக் கேட்டாலும் 'நு' என்பார். இந்தப் பக்கத்து வழக்கில் அதுதான் ஆமாம். ஊரில் எந்தக் கூட்டத்திலும் பேசுகிறவன் நான். இங்கே டீ குடிக்கும் மேசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாள் வீட்டுக்கு வரும் வழியில் டிராமிலேயே கண் கலங்கிவிடும். அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை, உன்னிடம் இப்போது சொல்கிறேன்.

அந்த மாசங்களில்தான் ஐயா திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தார்.

எனக்குக் குரல் உடைந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், 1994. அப்போது நம் வீட்டில் நான் மட்டும்தான் ஐயா வீட்டுத் திண்ணைக்குப் பாட்டுப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் இரண்டாகக் கிழிந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் எழுந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் ஓடினேன். மூன்று நாள் போகவில்லை. நாலாவது நாள் அப்பா அதட்டி அனுப்பினார். திண்ணையில் ஏறியதும் ஐயா எதுவும் கேட்கவில்லை. தன் மடியிலிருந்த சுருதிப்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஒரு வருசத்துக்கு இது உன்னுது. நீ பாட வேண்டாம் கண்ணு. கேளு. கேட்டுக்கிட்டே இரு."

அந்தப் பெட்டியை நீயும் பிடித்திருக்கிறாய். துருத்தித் துணியில் ஓர் இடத்தில் கிழிந்து, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருப்பார். அந்த ஒட்டு இருக்கிற பக்கம் காற்று கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அதைக் கணக்குப் பண்ணி, காற்று தீர்வதற்கு முன்னாலேயே அடுத்த அழுத்து அழுத்த வேண்டும். முந்தினால் சத்தம் தூக்கும், பிந்தினால் தொய்யும். தொய்ந்தால் ஐயா கண்ணைத் திறக்க மாட்டார், தொடையில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான் கண்டிப்பு.

முதல் இரண்டு மாசம் எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது. அப்புறம் காது திறந்தது. யார் சுருதிக்கு நேராக வந்து நிற்கிறார்கள், யார் கீழே இருந்து வழுக்கி ஏறுகிறார்கள், யாருக்கு மூச்சு முடியப்போகும்போது சுரம் சரிகிறது, எல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் ஐயா பாதியில் நிறுத்தி, "இப்ப தப்பு எங்க?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு இட்டேரி வழியாக வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"சுருதி நீ வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்குதுடா. நீ போய் ஒட்டிக்கோணும், அவ்வளவுதான்" என்பார். இங்கே அதையேதான் செய்தேன். பேச முயல்வதைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். டிராமில், ரொட்டிக் கடையில், பட்டறையில் காதை மட்டும் கொடுத்தேன். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும் வாக்கியங்கள் இவர்கள் பேச்சிலும் உண்டு, நம் காது அதற்குப் பழகியதுதான். எட்டு, ஒன்பது மாசம் கழித்து ஒருநாள் அந்தப் பெரியவர் ஏதோ கேட்க, என் வாயிலிருந்து தானாக 'நு' என்று வந்தது. மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், அக்கா.

என் வேலையே கேட்பதுதான் என்று உனக்குத் தெரியும். மோட்டார்களை ஓடவிட்டு, சத்தமும் அதிர்வும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். முதல் குளிர்காலத்தில் ஒரு மோட்டாரின் முனகலுக்கு மேலே ஊசி மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சொல்லத் தெரியாமல் கையைக் காட்டினேன். பெரியவர் மைக்கை நகர்த்திவைத்துத் திரும்ப அளந்தார். திரையில் அந்த இடத்தில் கோடு மேலே எழும்பியிருந்தது. பிரித்தால், பேரிங்கின் வெளி வளையத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வடு. எங்கே கற்றாய் என்று கேட்டார். படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டால் திண்ணையைச் சொல்வேன்.

மோட்டார் என்றதும் இன்னொன்று. ஐயா உனக்காக அப்பாவிடம் பேச நம் தோட்டத்துக்கு வந்தாரே, அந்த நாள். நீ பெரியவளானதும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். வயசுப் பிள்ளையைப் பொழுது சாய்ந்து இட்டேரியில் அனுப்ப முடியாது என்றார் அப்பா. "நானே இங்க வந்து சொல்லிக் குடுக்கறேனுங்க" என்று ஐயா கேட்டார். அப்பா காப்பி கொடுத்து உபசரித்தார், சம்மதிக்கவில்லை. இரண்டாவது முறையும் வந்தார், அப்போதும் அதே பதில். நீ கட்டுத்தரைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். எனக்கு அப்போது பத்து வயசு. அது அநியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இரண்டாவது முறை அவரை வழியனுப்ப நான் கூடப் போனேன். கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா அங்கே வெகுநேரம் நின்றார். மனசு ஆறுவதற்கு நின்றிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் என்னைப் பார்த்து, "சாமி, இந்த மோட்டாரு எந்தக் கட்டையில பாடுது?" என்றார். நான் விழித்தேன். அந்த சத்தத்தை மனசில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். மோட்டாரோடு கூடவே முனகிக்கொண்டு அவர் வீடு வரைக்கும் நடந்தேன். நாடகக் கம்பெனிக் காலத்து ஆர்மோனியத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தோம். கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை. அதற்கும் ஒரு துளி மேலே.

முப்பது வருஷம் கழித்து, இங்கே அதற்குக் காரணம் எழுதிப் பார்த்தேன். மின்சாரம் நம் ஊரிலும் ஜெர்மனியிலும் நொடிக்கு 50 சுற்றுதான். ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு தடவை இழுக்கும். அதனால் மோட்டாரின் முனகல் 100 அதிர்வு. ஐந்து கட்டை கீழ் ஸ்தாயியில் 98. அந்த இரண்டுதான் ஐயா பிடித்த 'ஒரு துளி'. இங்கே ஒவ்வொரு நாளும் சோதனை மேடையில் சுவிட்சைப் போட்டதும் நம் கிணற்று மேட்டின் சுருதி எழும்புகிறது. ஐயாவிடம் இதை அவசியம் சொல், சந்தோஷப்படுவார்.

இந்த ஊரும் ஒரு பாட்டு வாத்தியாரின் ஊர்தான். பாக் என்று பெரிய இசை மேதை, 1723 முதல் 1750இல் சாகும் வரைக்கும் இங்கே தாமஸ் தேவாலயத்தில் இருந்தார். உலகமே கொண்டாடுகிற அவருக்கு இங்கே சம்பளம் கொடுத்தது, பள்ளிப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் தேவாலயங்களில் பாடவைப்பதற்கு. அந்தப் பையன்களின் பாட்டுக்குழு 1212இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் யாரும் கேட்கலாம். முதல் முறை போனபோது பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேரன் அந்தக் குழுவில் இருக்கிறானாம், ஆனால் குரல் உடைவதால் இப்போது பாடவில்லை, குரல் ஊன்றியதும் ஆண்குரல் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள் என்றார். எனக்கு மடியில் சுருதிப்பெட்டி இருப்பது போலவே இருந்தது.

தேவாலய வாசலில் பாக்கின் வெண்கலச் சிலை இருக்கிறது. கோட்டுப் பை ஒன்று வெளியே இழுத்துவிட்ட மாதிரி தொங்கும். கையில் காசு தங்காத மனிதர், அதைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். ஐயாவுக்கு நாம் கொடுத்தது மாசம் 15 ரூபாய். மழை பொய்த்த வருஷத்தில் அதுவும் இல்லை, ஒரு வள்ளம் கம்பு. வாங்கிக்கொண்டு, "நிறையக் குடுத்துட்டீங்க" என்பார். சிலை வைத்தது 1908. கொடுமுடியில் கே.பி.சுந்தராம்பாள் அம்மா பிறந்த வருஷமும் அதுதான். "அந்தம்மா பொறந்த ஊர்ப் பக்கத்துல இருந்துக்கிட்டு வாய்க்குள்ளயே பாடாதீங்க" என்று ஐயா நம்மை அதட்டுவது காதில் கேட்டது. சிலைக்கு முன்னால் நின்று நானும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

சரி, பாடறானா என்ற கேள்விக்கு வருகிறேன்.

பாப்பாவுக்குப் பள்ளியில் குழல் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாம் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் ஆரம்பித்தோம். இவர்கள் ஆரம்பிப்பது சங்கராபரணத்தில். பெயர் வேறு, சுரங்கள் அவைதான். நம் ஒரு கட்டைச் சுருதியை இவர்கள் 'ட்சே' என்கிறார்கள். அவள் ஏறி இறங்கி வாசித்து முடித்ததும், எனக்கு ஐயா சொல்லிக்கொடுத்த கொடுமுடிப் பதிகம் தானாக வந்துவிட்டது. அதன் பண் பழம்பஞ்சுரம், அதுவும் சங்கராபரணந்தான். அதே ஒரு கட்டையில் பாடினேன். நான் சுருதி தேடவே இல்லை, அவள் குழல் விட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 'நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று முடிகிற இடத்துக்கு வரும்போது பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தினமும் தூங்கப் போகும்போது அதைத்தான் கேட்கிறாள். பத்து மணிக்கு முன்னாலேயே பாடி முடித்துவிடுவேன். மேடை ஏறவில்லை, பயிற்சியும் ஒழுங்காக இல்லை, அதை ஐயாவிடம் மறைக்காதே. ஒரு பாட்டு பாடுகிறேன். ஒவ்வொரு நாளும் பாடுகிறேன். கேட்பதை ஒருநாளும் விடவில்லை.

ஆனால் அந்தப் பதிகத்தின் மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஐயா ஒரு வளைவு வளைத்துக் கீழே இறங்குவார். நான் பாடும்போது அது நேராக விழுகிறது. வார்த்தை எல்லாம் இருக்கிறது, அந்த வளைவு கைக்கு வரவில்லை. அதைப் போனில் பதிவு பண்ணி அனுப்ப முடியுமா? ஐயாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றாய், அவரைச் சிரமப்படுத்த வேண்டாம். நீ பாடு அக்கா. உனக்கு அது வரும். இரண்டு வருஷந்தான் கற்றாய் என்றாலும் நம்மில் குரல் உன்னுடையது, ஐயாவே அப்பாவிடம் அதைச் சொன்னார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியை அழுத்தச் சொல். டியூப் ஒட்டின பக்கம் காற்று சீக்கிரம் இறங்கும் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிடு.

ஐயா கேட்டுக்கொண்டிருக்கட்டும். தப்பு வந்தால் தட்டுவார்.

அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி