வாசகர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டம் நடத்துவது நம் வழக்கம். இந்த முறை பொருள் தானாகவே அமைந்தது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய புத்தகங்களை நமக்குக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் மாஸ்கோவில் அச்சானவை. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று நம் தலைமுறைக்கு மனப்பாடமான பதிப்பகப் பெயர்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்புகளும் இருந்தன. சிலவற்றுக்குச் 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் அட்டை போட்டிருந்தார். பள்ளி நோட்டுக்கு அந்தத் தாளைத் தேடி அலைந்தவர்கள் இங்கேயும் சிலர் இருக்கிறார்கள். இவற்றைப் பதிவேட்டில் ஏற்றும்போது எழுந்த பேச்சுதான் ஆண்டு முழுக்க ஓடியது: ஆட்சி மாற மாற, சோவியத் ஒன்றியத்தின், பிறகு ரஷ்யாவின் எழுத்தாளர்களும் பதிப்புத் தொழிலும் என்ன ஆனார்கள்?

முதல் கூட்டங்களில் அமைப்பைப் பற்றிப் பேசினோம். 1922இல் தணிக்கைக்கென்றே கிளாவ்லிட் என்ற அலுவலகம் வந்தது. 1934இல் எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு நடந்தது. சங்கத்தில் இருந்தால் வீடு, ஓய்வில்லம், அச்சு வாய்ப்பு எல்லாம் உண்டு. விலக்கப்பட்டால் எழுதியதை வெளியிட வழியில்லை. 1958இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட கவிஞரும் நாவலாசிரியருமான பாஸ்டர்நாக்குக்கு அதுதான் நேர்ந்தது. பரிசையும் மறுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கூட்டத்தை உலுக்கியது வசீலி கிராஸ்மன் கதை. போர்முனைச் செய்தியாளராக நாடறிந்தவர். ஸ்டாலின்கிராட் போரை வைத்து 'வாழ்வும் விதியும்' நாவலை எழுதி முடித்தார். 1961 பிப்ரவரியில் அரசின் உளவு அமைப்பான கேஜிபியின் ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை. கைப்பிரதியையும் கார்பன் தாள்களையும் தட்டச்சு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1964இல் அவர் இறந்தார். நண்பரிடம் ஒளித்து வைத்திருந்த பிரதி மைக்ரோஃபிலிமாகி எல்லை கடந்து 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1988இல்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பறிமுதல் ஸ்டாலின் காலத்தில் நடக்கவில்லை. அவருக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்தில், இறுக்கம் தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது. மறு ஆண்டே, 1962இல், அதே குருஷ்சேவின் ஒப்புதலோடு எழுத்தாளர் சோல்ஷெனிட்சினின் சிறைமுகாம் குறுநாவல் 'நோவி மிர்' இலக்கிய இதழில் வந்தது. தலைமை மாறியதும் நிலைமையும் மாறி, 1974இல் அவரை நாடு கடத்தினார்கள். எதை அச்சிடலாம் என்பது மேலிடத்தின் மனநிலையைப் பொறுத்தே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் சூடு கொஞ்சம் ஏறியது. கல்லூரி மாணவி ஒருவர், "தோழர், உங்களுக்கு மலிவா புத்தகம் அனுப்பின அரசுதானே அங்க ரிப்பனைத் தூக்கிட்டுப் போச்சு?" என்று கேட்டார். மூத்த தோழர், "ஆமாம்மா. ஆனா அந்த விலைக்குக் கிடைக்கலைன்னா நான் டால்ஸ்டாயைத் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார். இரண்டுமே உண்மை என்பதுதான் என் கருத்து. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டாம்.

அப்புறம் எண்பதுகளின் பிற்பாதியில் கோர்பச்சேவ் காலம். கவிஞர் அக்மதோவாவின் 'இரங்கற்பா', பாஸ்டர்நாக், கிராஸ்மன் என்று பூட்டி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. 1990இல் நோவி மிர் 25 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அவ்வளவு பிரதிகள் விற்ற இலக்கிய இதழை நாம் எங்கே பார்த்தோம்! அதே ஆண்டு பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்தது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு போனது. தாள் விலை ஏறியது, சந்தாதாரர்கள் கரைந்தார்கள், இதழ்கள் அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை சரிந்தது. தடை நீங்கியபோது அரசு மானியமும் போய்விட்டது. மாஸ்கோவிலிருந்து தமிழ்ப் புத்தகம் வருவதும் அத்தோடு நின்றது.

இன்றைய நிலையை ஒரே கூட்டத்தில் முடித்துக்கொண்டோம். 'அயல்நாட்டு முகவர்' என்று அரசு முத்திரை குத்தியவர்களின் நூல்களை ரஷ்யாவில் உறை போட்டு விற்று வந்தார்கள். 2023 டிசம்பரில் உக்ரைன் போரை எதிர்த்த எழுத்தாளர் போரிஸ் அகூனினைத் தீவிரவாதப் பட்டியலில் சேர்த்தார்கள். அவருடைய பதிப்பாளர்களும் கடைகளும் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள்.

நூலகம் பற்றி: மாஸ்கோ நூல்களுக்குத் தனி அலமாரி ஒதுக்கியாயிற்று. சிலவற்றில் கரையான் ஏறியிருந்தது. காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றினோம். எடுத்துப்போனவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும். 'ஜமீலா' குறுநாவல் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சந்தா நிலுவை வழக்கம்போல இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டு நம் நாட்டு நெருக்கடிநிலைக் காலத் தணிக்கையை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1975–77 காலப் பத்திரிகைகள் வீட்டில் வைத்திருப்பவர்கள் பார்க்கக் கொடுத்தால் நல்லது. அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்