மருந்துக்கடை வரிசையில் நின்ற அக்காவுக்கு

போன வாரம் என் கையில் இருந்த பவுடர் பாக்கெட்டைப் பார்த்து, "கொலனோஸ்கோபியா தம்பி?" என்று கேட்டீர்களே, அந்த அக்காவுக்குத்தான் இந்த நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

எனக்கு 7 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். கொலனோஸ்கோபி என்றால் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை; அதற்கு முன் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குடலைக் காலியாக்க வேண்டும். போன தடவை 2 லிட்டர் கரைசலையும் ராத்திரியே மடமடவென்று குடித்து, பாதியை வாந்தி எடுத்துவிட்டேன். குடல் சுத்தமாகவில்லை என்று பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த முறையும் அதே பயம்.

உங்கள் மகனுக்கு கிரோன்ஸ், இதே போன்ற இன்னொரு குடல் அழற்சி நோய் என்றீர்கள். பாதியை முதல் நாள் சாயங்காலம், மீதியை விடிகாலையில் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அதுதான் நல்லது என்று அவரே நேரம் குறித்துக் கொடுத்தார். பாஸ்பேட் கலந்த பேதி மருந்து சிலருக்குக் குடலில் சின்னப் புண்களை உண்டாக்கும், அது நம் நோயின் புண் போலவே தெரியும், அதனால்தான் இந்தப் பவுடர் என்றும் விளக்கினார்.

நீங்கள் சொன்னபடியே கரைசலை ஃபிரிட்ஜில் குளிரவைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். குமட்டல் ரொம்பக் குறைந்தது. சிவப்பு ஜூஸ் குடித்தால் உள்ளே ரத்தம் மாதிரி தெரியும் என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் புதுசு. அப்புறம், பின்பக்கம் எரியாமல் இருக்கத் தடவச் சொன்ன அந்த வாஸ்லின்! பத்தாவது தடவை கழிவறைக்குப் போனபோது உங்களை மனசாரக் கும்பிட்டேன்.

காலையில் வெளியே போனது தெளிந்த மஞ்சள் தண்ணீர்தான். பரிசோதனையும் முழுதாக முடிந்தது.

உங்கள் மகனுக்கு இப்போது எப்படி இருக்கிறது அக்கா?