மாயன் சக்கரம் செய்யும் முன்

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. கணித மன்றப் பிள்ளைகளோடு மத்திய அமெரிக்காவின் மாயர்கள் வைத்திருந்த மாயன் நாட்காட்டியின் சக்கரம் செய்யப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் அட்டையில் கத்தரி வைப்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நீ அனுப்பிய வரைபடத்தின்படி வெட்டினால் சக்கரம் வகுப்பறைக் கதவுக்குள் நுழையாது. மாயர்களிடம் 365 நாள் கணக்கு ஒன்று, 260 நாள் கணக்கு ஒன்று; நாளுக்கு ஒரு பல் என்று வைத்து, பல்லுக்கு 1 செ.மீ. இடம் விட்டாலே 365 பல் சக்கரத்தின் குறுக்களவு 116 செ.மீ. வரும், 260 பல்லுக்கு 83 செ.மீ. அதற்குப் பதிலாக 13 பல், 20 பல் என்று இரண்டு மட்டும் வெட்டு. 2 செ.மீ. இடைவெளிக்குக் குறுக்களவு 8.3, 12.7 செ.மீ. போதும். இந்த இரண்டும் சேர்ந்தே 260 நாளைத் தந்துவிடும். 365 நாளுக்குப் பல் வேண்டாம்; 18 மாதப் பெயரும் கடைசி 5 நாளும் எழுதிய நீளக் காகிதப் பட்டையில் ஒரு கிளிப்பை நகர்த்தினால் ஆயிற்று. இன்னொன்று: மாயர்கள் பல்சக்கரம் எதுவும் செய்யவில்லை. பல்சக்கரப் படம் இக்காலத்தவர் புரியவைப்பதற்காகப் போட்டது. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு.

260 நாள் கணக்கில் 1 முதல் 13 வரை எண்ணும் 20 நாள் பெயர்களும் ஒன்றாகவே நகரும். நம் பஞ்சாங்கத்தில் கிழமையும் நட்சத்திரமும் அவரவர் போக்கில் ஓடுவதைப் போலத்தான். 1 இமிஷ், 2 இக், 3 அக்பால் என்று போய், 13 வந்ததும் எண் மட்டும் 1க்குத் திரும்பும். பெயர் 14ஆவதற்குப் போகும். பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: பெயரை நிறுத்திவைத்து எண்ணை மட்டும் நகர்த்துவார்கள், நம் மாதத் தேதி போல. 365 நாள் கணக்குதான் நம் தேதி போல நடக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. மாதத்தின் முதல் நாள் 0, கடைசி நாள் 19. வயேப் என்ற கடைசித் துண்டில் 0 முதல் 4 வரை மட்டும். அந்த ஐந்து நாளும் ஆகாதவை என்பது அவர்கள் நம்பிக்கை.

இரண்டு கணக்கும் மறுபடி அதே ஜோடியில் சந்திக்க 18,980 நாள், அதாவது 52 ஆண்டு. அதற்கு மேற்பட்ட காலத்துக்கு நெடுங்கணக்கு, அதாவது ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கை. கல்வெட்டில் ஐந்து இடம்: 1, 20, 360, 7,200, 1,44,000 நாள். மூன்றாவது இடம் 400 அல்ல, 360. இருபதடிமானம் என்று படித்துவிட்டு எல்லா இடத்தையும் 20ஆல் பெருக்குகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள். ஆண்டை ஒட்டி வரட்டும் என்று அந்த ஒரு இடத்தில் மட்டும் 18ஆல் பெருக்கியிருக்கிறார்கள்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பலெங்கே நகரை ஆண்ட பாகால் பிறந்த நாள் 9.8.9.13.0. பெரிய இடம் முதலில் வரும். பெருக்கிக் கூட்டு: 12,96,000 + 57,600 + 3,240 + 260 + 0 = 13,57,100. நெடுங்கணக்கின் தொடக்க நாள் 4 அஹாவ், 8 கும்கு (அஹாவ் நாட்பெயர், கும்கு மாதப் பெயர்). 13,57,100ஐ 13ஆல் வகுத்தால் மீதி 4. தொடக்கத்தின் 4ஐக் கூட்ட 8. (கூட்டியது 13ஐத் தாண்டினால் 13ஐக் கழி.) 20ஆல் வகுத்தால் மீதி 0, ஆகவே பெயர் அஹாவே. 365ஆல் வகுத்தால் மீதி 30. 8 கும்கு என்பது ஆண்டில் 348ஆம் இடம், முதல் மாதமான போப்பின் 0ஆம் நாளை 0 என்று வைத்து. 348 + 30 = 378; 365 போக 13. அதாவது 13 போப். கல்லில் இருப்பதும் 8 அஹாவ், 13 போப்தான். எழுத்து சிதைந்த கல்லில் ஒரு எண் அழிந்திருந்தால் ஆய்வாளர்கள் இப்படித்தான் மீட்கிறார்கள்.

நம் தேதிக்கு மாற்ற 5,84,283ஐக் கூட்டி வருவது ஜூலியன் நாள் எண், அதாவது வானியலார் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண். பாகாலுக்கு 19,41,383, கிரிகோரியன் முறையில் கி.பி. 603 மார்ச் 24, பழைய ஜூலியன் முறையில் மார்ச் 21. இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி பார்த்துக் குழம்பாதே. சிலர் 5,84,285ஐக் கூட்டுவார்கள். அங்கே இரண்டு நாள் தள்ளிப்போகும். எனக்கு 283தான் சரியென்று படுகிறது. குவாத்தமாலா மலைப்பகுதியில் கிச்சே மக்கள் 260 நாள் எண்ணிக்கையை இன்றும் விடாமல் நடத்துகிறார்கள். அதோடு ஒத்துப்போவது இந்த எண்தான். பிள்ளைகளின் பயிற்சிக்கு 1947 ஆகஸ்ட் 15ஐக் கொடு. ஜூலியன் நாள் எண் 24,32,413. விடை 12.16.13.12.10, 2 ஓக், 18 ஷூல்.

தொடக்க நாள் கி.மு. 3114 ஆகஸ்ட் 11. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 என்பது உனக்கு உடனே நினைவுக்கு வரும். முடிச்சுப் போடாதே. இரண்டுமே பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுப் பின்னோக்கிப் போய் வைத்த தொடக்கங்கள்.

2012 உலக முடிவு பற்றி ஒரு பையன் கேட்டானாமே. அந்த டிசம்பர் 21இல் நெடுங்கணக்கு 13.0.0.0.0 ஆனது, அவ்வளவுதான். பலெங்கேயின் கல்வெட்டுக் கோயிலில் பாகால் முடிசூடியதன் 52 ஆண்டுச் சுற்று எண்பது முறை நிறைவதைக் கி.பி. 4772 அக்டோபரில் குறித்திருக்கிறார்கள். 2012இல் உலகம் முடியும் என்று நம்பியவன் அதற்கு 2,760 ஆண்டு கழித்து விழாவுக்கு நாள் குறிப்பானா?

இதைவிட எரிச்சல் மூட்டுவது, மாயன் நாட்காட்டி நம்முடையதைவிடத் துல்லியமானது என்ற பேச்சு. அவர்களிடம் மிகுநாள் (லீப்) ஆண்டே கிடையாது. 365 நாள் ஆண்டு நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போனது. அதைத் திருத்தவும் இல்லை. அவர்கள் திறமை இருந்த இடம் வேறு. அதற்கு வெள்ளிக் கிரகக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் மாயன் நூலான டிரெஸ்டன் ஏட்டில் வெள்ளியின் ஒரு சுற்று, அதாவது விடிவெள்ளியாகத் தோன்றி மறுபடி அப்படித் தோன்றும் வரை, 584 நாள். அதை நான்காகப் பிரிக்கிறார்கள்: விடிவெள்ளியாக 236, மறைவு 90, அந்திவெள்ளியாக 250, மறைவு 8. வானத்தில் காலையும் மாலையும் ஏறக்குறைய 263 நாள் வீதம் தெரிகிற கிரகம் இது. 236ம் 250ம் வானத்துக்குப் பொருந்தாதவை. வானத்தை நாள்தோறும் பார்த்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனால் 236 நாள் என்பது கிட்டத்தட்ட 8 சந்திர மாதம். நிலாக் கணக்கோடு ஒத்துப்போகட்டும் என்று இப்படிப் பிரித்திருக்கலாம்.

உண்மைச் சுற்றின் சராசரி 583.9214 நாள். 65 சுற்று 37,960 நாள். 260ஆலும் 365ஆலும் மீதியின்றி வகுபடும். அழகான எண்தான், ஆனால் அதற்குள் கணக்கு வானத்தைவிட ஐந்து நாள் பின்தங்கிவிடும். ஐந்து நாளைக் கழித்துவிட்டால் தீர்ந்தது என்று நாம் சொல்லிவிடுவோம். அவர்களால் முடியாது, ஏனென்றால் வெள்ளி விடிகாலையில் எழும் நாள் 1 அஹாவாக இருந்தாக வேண்டும். ஆகவே 61 சுற்றிலேயே நிறுத்தி 4 நாளைக் கழித்தார்கள்: 35,624 − 4 = 35,620; 260ஆல் வகுத்தால் சரியாக 137. இன்னொரு வழி 57 சுற்று, 8 நாள் கழிவு: 33,280, அதாவது 260இன் 128 மடங்கு. முதல் வழியை நான்கு முறையும் இரண்டாவதை ஒரு முறையும் சேர்த்தால் 301 சுற்றில் 24 நாள் கழிகிறது. கழிய வேண்டியது 23.7. ஏறத்தாழ 481 ஆண்டில் அரை நாள்கூடப் பிழை இல்லை, பின்னமும் இல்லை, புனித நாளும் நகரவில்லை. நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. ஏன் 65ஐ விட்டு 61 என்பதற்கு வேறு காரணமே இல்லை. அதே ஏட்டின் கிரகண அட்டவணையும் இதே வழிதான்: 405 சந்திர மாதம் 11,960 நாள், 260இன் 46 மடங்கு, உண்மை 11,959.89.

இந்த ஏடு தப்பியதே பெரிய விஷயம். 1562இல் மனி என்ற ஊரில் டியேகோ தே லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயன் நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். இன்று மிஞ்சியவை நான்கு. மாயன் நாட்பெயர்களையும் எழுத்தையும் குறித்து வைத்தவரும் அதே லாண்டாதான். அந்தக் குறிப்பு இல்லாமல் பின்னால் வந்தவர்கள் திணறியிருப்பார்கள்.

டிரெஸ்டன் நூலகம் ஏட்டை முழுக்க இணையத்தில் வைத்திருக்கிறது. 46 முதல் 50 வரையான பக்கங்களைப் பெரிதாக அச்செடுத்துக்கொள். ஒவ்வொரு பக்கத்தின் அடி வரிசையிலும் அந்த நான்கு எண்கள் இருக்கும். புள்ளி 1, கோடு 5, மேலே இருப்பது 20இன் மடங்கு. முதலாவதில் மேலே 11, கீழே 16: 236. நான்காவதில் மேலே ஒரு சிப்பி, கீழே கோடும் மூன்று புள்ளியும். சிப்பிதான் பூஜ்யம். பக்கத்தின் வலப்புறம் ஈட்டியோடு ஒரு தெய்வமும் குத்துப்பட்டுக் கிடப்பவனும் தெரிவார்கள். விடிவெள்ளியின் முதல் ஒளி யாரைத் தாக்கும் என்பதன் படம் அது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பகுதியை மடித்துக் காட்டு.

அன்புடன்,
மாணிக்கம்